அயலார் மதச் சுதந்திரமும் அமெரிக்கத் துரைத்தனமும்: சில குறிப்புகள்

ஒரு விசா மறுக்கப்பட்டதை நீதிமன்றத் தீர்ப்பைப் போலக் கொண்டாடியவர்கள் நம்மில் நிறையப் பேர். 2005 மார்ச்சில் ஃபுளோரிடாவில் ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர்கள் சங்கத்தின் மாநாடு. அதில் பேசப் போகவிருந்த குஜராத் முதல்வர் நரேந்திர மோடி கேட்டிருந்த ராஜரீக விசாவை அமெரிக்க வெளியுறவுத் துறை மறுத்தது. ஏற்கெனவே கையிலிருந்த சுற்றுலா–வணிக விசாவையும் ரத்து செய்தது. ரத்துக்கு அடிப்படை 1998 ஆம் ஆண்டின் சர்வதேச மதச் சுதந்திரச் சட்டம். மதச் சுதந்திரத்தைக் கடுமையாக மீறியதற்குப் பொறுப்பான அயல்நாட்டு அதிகாரி எவரும் அமெரிக்க மண்ணில் கால்வைக்கத் தகுதியற்றவர் என்கிறது அதில் ஒரு பிரிவு. அந்தப் பிரிவு பாய்ந்த ஒரே ஆள் இவர்தான் என்று பத்திரிகைகள் எழுதின. "இங்கே எந்தக் கோர்ட்டும் செய்யாததை அவன் செஞ்சுட்டான் பாருங்க" என்று ஒரு தோழர் என்னிடம் சொன்னார். அந்த வாக்கியத்தில் இருந்த ஆறுதலை நான் கேலி செய்யப் போவதில்லை. 2002 இல் கொல்லப்பட்டவர்கள் 1,044 பேர் என்று மத்திய அரசே 2005 இல் நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. அத்தனை பிணங்களுக்குப் பிறகு எங்கிருந்தாவது ஒரு 'இல்லை' என்ற சொல் வராதா என்று காத்திருந்தவர்களுக்கு அது வந்தது.

சரி, பிறகு என்ன ஆயிற்று? 2014 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் நான்சி பவல் காந்திநகருக்கே போய் மோடியைச் சந்தித்தார். மே மாதம் தேர்தல் முடிவு வந்த அன்றே ஒபாமா தொலைபேசியில் கூப்பிட்டு வாஷிங்டனுக்கு வரச் சொன்னார். செப்டம்பரில் நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கம் நிரம்பி வழிந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தியாவில் சிறப்புப் புலனாய்வுக் குழு அவர்மீது வழக்குத் தொடர ஆதாரமில்லை என்று 2012 இல் அறிக்கை தந்திருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 2022 இல் உறுதி செய்தது. அந்த முடிவை ஏற்கலாம், மறுக்கலாம், அது வேறு விவாதம். அமெரிக்கா அதைக் காட்டிக் கதவைத் திறக்கவில்லை என்பதுதான் இங்கே விஷயம். அரசாங்கத் தலைவர் என்ற முறையில் அவருக்கு விசா பெறத் தகுதி உண்டு, அவ்வளவுதான் என்றார்கள். 2005 இல் செயலைப் பார்த்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட முடிவு, 2014 இல் பதவியைப் பார்த்து மாறிப் போனது. அப்படியானால் 2005 இல் பார்த்ததும் பதவியைத்தானோ? ஒரு மாநில முதல்வரை மறுப்பதற்கு அன்றைக்கு ஆகக்கூடிய செலவு மிகக் குறைவு.

இந்தச் சட்டத்தை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் என் நோக்கம். இது ஒரு நாட்டின் நாடாளுமன்றம் பிற நாட்டு மக்களின் ஆன்மாவைப் பற்றி இயற்றிய சட்டம். 1997 இல் ஃபிராங்க் உல்ஃப் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் கொண்டுவந்த முதல் மசோதாவுக்குப் பற்கள் இருந்தன. துன்புறுத்தும் அரசு என்று முடிவாகிவிட்டால் பொருளாதாரத் தடை தானாகவே விழும். பின்னால் நின்றவர்கள் சுவிசேஷகர்கள் மட்டுமல்ல. யூத அமைப்புகள், கத்தோலிக்க ஆயர்கள், திபெத்திய பௌத்தர்கள், பஹாய்கள் என்று ஒரு விசித்திரக் கூட்டணி அது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஏற்றுமதிக் கம்பெனிகள். சீனச் சந்தை போய்விடுமே! வெளியுறவுத் துறைக்கும் இஷ்டமில்லை. மற்ற மனித உரிமைகளுக்கு மேலே மத உரிமையை ஒரு படி தூக்கி வைக்கக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். கடைசியில் பற்களைப் பிடுங்கிய வேறொரு மசோதா 1998 அக்டோபரில் செனட்டில் 98க்கு 0 என்று நிறைவேறியது. எதிர்ப்பே இல்லாமல் ஒரு சட்டம் நிறைவேறினால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அர்த்தம்.

பல் பிடுங்கிய விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனெனில் அதிகாரம் இந்த நுணுக்கங்களில்தான் குடியிருக்கிறது. ஆண்டுதோறும் வெளியுறவுத் துறை உலக நாடுகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிடும். ஒன்பது பேர் கொண்ட ஆணையம் ஒன்று தனியே பரிந்துரைக்கும். சித்திரவதை, குற்றச்சாட்டின்றி நீண்ட சிறை, ஆள் காணாமல் போதல் போன்றவற்றைத் தொடர்ந்து செய்யும் நாடுகளை 'தனிக் கவலைக்குரிய நாடுகள்' என்று அரசு அறிவிக்கும். அறிவித்தபின் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் என்று சட்டம் பதினைந்தைப் பட்டியலிடுகிறது. முதலாவது, காதோடு காதாக ஒரு கண்டனம். போகப் போகக் கடுமையாகி வர்த்தகத் தடையில் முடியும். ஆனால் ஏற்கெனவே வேறு காரணத்துக்காக அந்த நாட்டின்மீது ஏதாவது தடை இருந்தால் அதையே இதற்கும் கணக்குக் காட்டிக் கொள்ளலாம். இரண்டு விசேஷத்துக்கு ஒரே மொய் எழுதுகிற கதை. சீனா முதல் பட்டியலிலிருந்தே, அதாவது 1999 முதல், தனிக் கவலைக்குரிய நாடு. அதற்கான தண்டனையாகக் காட்டப்படுவது தியானன்மென் படுகொலைக்குப் பிறகு கொண்டுவந்த, போலீஸ் சாதனங்களை ஏற்றுமதி செய்வதற்கான தடை. திபெத்தியத் துறவிக்கும் சின்ஜியாங் முஸ்லிமுக்கும் 'தலைமறைவு' சபைக் கிறித்தவருக்கும் சேர்த்து அந்த ஒரே பழைய கணக்குத்தான்.

இன்னொன்று விலக்கு. 'அமெரிக்காவின் முக்கியமான தேச நலன்' கருதி நடவடிக்கையைத் தள்ளி வைக்கலாம். 2004 இல் சவூதி அரேபியா பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிற மதத்தவர் பகிரங்கமாக வழிபட முடியாத, ஷியாக்களை இரண்டாந்தரமாக நடத்துகிற முடியாட்சி அது. 2005 இல் தற்காலிக விலக்கு, 2006 இல் காலவரம்பற்ற விலக்கு. பட்டியலில் பெயரும் இருக்கும், ஆயுத வியாபாரமும் நடக்கும். அதே ஆண்டு சேர்க்கப்பட்ட எரித்ரியாமீது மட்டும் 2005 இல் இந்தச் சட்டத்தின் பெயராலேயே புதிய தடை விழுந்தது. எரித்ரியாவிடம் என்ன இருக்கிறது, பாவம்.

ஈராக்கை மறந்துவிடக் கூடாது. சதாமின் ஈராக் பட்டியலில் இருந்தது. 2003 இல் படையெடுப்பு, 2004 இல் பட்டியலிலிருந்து நீக்கம். அந்த நீக்கத்துக்குப் பிறகுதான் ஈராக்கின் கல்தேய, அசீரியக் கிறித்தவர்களும் மாந்தேயர்களும் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். உலகின் மிகப் பழைய கிறித்தவச் சமூகங்களில் ஒன்று பாதிக்கும் கீழாகக் கரைந்தது. 2014 இல் சிஞ்சார் மலையில் யெசீதிகளுக்கு நடந்தது நமக்குத் தெரியும். 2008 இறுதியில் அந்த ஆணையமே ஈராக்கைத் திரும்பப் பட்டியலில் போடச் சொன்னது. வெளியுறவுத் துறை கேட்கவில்லை. தானே ஆண்ட நாட்டைத் தன் பட்டியலில் யார் போடுவார்?

இவ்வளவையும் சொல்லி 'இரட்டை வேடம்' என்று முடித்துக்கொண்டால் நம் இடதுசாரி மேடைகளில் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அது போதவில்லை. இரட்டை வேடம் என்ற குற்றச்சாட்டுக்குள் ஒரு வேண்டுகோள் ஒளிந்திருக்கிறது: ஒரே வேடமாகப் போடு, எல்லாரையும் சமமாகத் தண்டி, அப்போது ஒத்துக்கொள்கிறோம் என்று. ஏகாதிபத்தியம் கொஞ்சம் நாணயமாக நடந்துகொண்டால் அதன் நாட்டாமையை ஏற்றுக்கொள்வோமா? நடைமுறைக்குக் கீழே, அந்தச் சட்டம் உலகத்தைப் பார்க்கக் கொடுக்கிற கண்ணாடியில் கேள்வி இருக்கிறது.

ஆண்டறிக்கையின் வடிவத்தைப் பாருங்கள். எந்த நாடானாலும் அத்தியாயம் ஒரே அச்சில் வார்த்தது. சுருக்கம் முடிந்ததும் முதல் பகுதி மதவாரி மக்கள்தொகை: இத்தனை சதவீதம் இன்ன மதம், இத்தனை சதவீதம் இன்னது. அதற்குப் பிறகுதான் அரசு என்ன செய்தது, சமூகம் என்ன செய்தது, அமெரிக்கத் தூதரகம் என்ன செய்தது என்று பகுதிகள் வரும். முதலில் ஆட்களை மதப் பெட்டிகளில் போட்டு மூடிவிட்டுத்தான் அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கவே முடியும். 1871–72 இல் வெள்ளைக்காரன் எடுத்த குடிக்கணக்கு நம்மை என்ன செய்தது என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலால் அசத் 1993 இல் எழுதிய நூல் மதம் என்ற கருத்தாக்கமே ஐரோப்பிய வரலாறு ஒன்றின் விளைபொருள் என்று காட்டியது. அதை ஒட்டி சபா மஹ்மூத், எலிசபெத் ஷக்மன் ஹர்ட் போன்றவர்கள் மதச் சுதந்திரச் சொல்லாடலையே கேள்விக்குட்படுத்தினார்கள். மதம் என்றால் உள்ளே ஒரு நம்பிக்கை, வெளியே அதை வெளிப்படுத்தும் சபை, பேசுவதற்கு ஒரு தலைவர். இந்த அச்சுக்குப் பொருந்துகிற துன்பம்தான் துன்பமாகத் தெரியும். (கடவுளே இல்லை என்கிறவன் இந்தச் சட்டத்தின் கண்ணில் தெளிவாகப் பட 2016 இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. நம்மூர்க் கருப்புச் சட்டைக்காரர்கள் பதினெட்டு வருஷம் வரிசையில் நின்றிருக்க வேண்டும்.)

வியட்நாமின் மத்திய மலைநாடு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜராய், எடே போன்ற மலைக்குடிகளின் நிலம் அது. போர் முடிந்தபின் சமவெளியிலிருந்து கின் மக்கள் பெருமளவில் குடியேறினார்கள். 1990களில் காப்பி விலை ஏற, காடும் தரிசும் காப்பித் தோட்டமாயின. மலைக்குடிகள் தங்கள் நிலத்திலேயே கூலிகளானார்கள். இதே காலத்தில் அவர்களிடையே அரசு அங்கீகாரமற்ற புராட்டஸ்டன்ட் கிறித்தவம் பரவியது. 2001 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். கேட்டது நிலம், கேட்டது வழிபாட்டு உரிமை. இரண்டும் ஒரே மூச்சில். ஒடுக்கப்பட்டு ஆயிரம் பேர்போல கம்போடியாவுக்குத் தப்பியோடினார்கள். 2004 ஈஸ்டர் சமயத்தில் மறுபடி எழுச்சி, மறுபடி ஒடுக்குமுறை. அந்த ஆண்டு அமெரிக்கா வியட்நாமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலுக்குள் நிலம் வராது. ஜெபக்கூடம் வரும், போதகர் வருவார், மதத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தியது வரும். வியட்நாம் அரசு கைதிகள் சிலரை விட்டது, சபைகள் சிலவற்றைப் பதிவு செய்தது, மதத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்துவதைத் தடைசெய்தது. 2006 நவம்பரில் புஷ் ஹனோய் உச்சி மாநாட்டுக்குப் போவதற்குச் சில நாள் முன்பு பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. 2007 ஜனவரியில் வியட்நாம் உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது. சபைகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது என்பது உண்மை. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. காப்பித் தோட்டம்? அது அப்படியே இருந்தது. அந்தக் காப்பியை அமெரிக்காவும் வாங்கிக் குடித்தது.

பர்மாவும் 1999 முதல் பட்டியலில் இருக்கிறது. 1982 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட ரோஹிங்கியாக்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2017 இல் வங்கதேசத்துக்குத் துரத்தப்பட்டபோது பட்டியலுக்குப் பதினெட்டு வயது.

நம்மூர் விஷயத்துக்கும் இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கலாம். 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கொண்டுவந்து, 2004 தேர்தல் தோல்விக்குப் பின் திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் அமெரிக்க அறிக்கையில் இடம்பெற்றது. இடம்பெற வேண்டியதுதான், அது மோசமான சட்டம். ஆனால் மீனாட்சிபுரத்தில் 1981 இல் நடந்ததை அந்த அறிக்கையின் மொழியில் எழுதிப் பாருங்கள். 'இத்தனை பேர் தம் மனச்சாட்சிப்படி இஸ்லாத்தைத் தழுவினர்.' தேவர் சாதி ஆதிக்கம், போலீஸ் அடி, 'டேய்' என்று கூப்பிடப்படாத ஒரு பெயருக்கான ஏக்கம் எல்லாம் எங்கே போயின? இந்த அறிக்கைகளில் சாதி வராமலில்லை. ஒரு மதத்தின் உள்விவகாரமாக வரும், மதமாற்றத்துக்கு ஒரு காரணமாக வரும். தலித் கிறித்தவனின் நிலைமை இன்னும் சிக்கல். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவனை அட்டவணைச் சாதியாக ஏற்பதில்லை. சீக்கியருக்கு 1956 இலும் பௌத்தருக்கு 1990 இலும் திறந்த கதவு அவனுக்கும் தலித் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. இது அரசு செய்யும் மதப் பாகுபாடு, சந்தேகமில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பியது அரசல்ல, சாதிக் கிறித்தவர்கள். மதச் சுதந்திரம் யாருடைய சுதந்திரம்? சபையின் சுதந்திரம் என்றால் சுவருக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. வாஷிங்டனில் போய்ப் பேச பிஷப்புக்கு வாய் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவனுக்காகப் பேச யார் போனது?

அயலானின் மதத்துக்குப் பாதுகாவலனாக வருவது அமெரிக்கா கண்டுபிடித்த வித்தையல்ல. 1774 இல் கூச்சுக் கைனார்ஜா உடன்படிக்கையைக் காட்டித்தான் உதுமானியப் பேரரசின் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்குத் தான் காப்பாளன் என்றது ரஷ்யா. கத்தோலிக்கர்களுக்கு நான் என்றது பிரான்ஸ். பெத்லகேம் கோயில் சாவி யார் கையில் என்ற சண்டை கிரீமியப் போருக்கு ஒரு காரணமாயிற்று. 1878 பெர்லின் உடன்படிக்கையின் 61 ஆம் பிரிவு ஆர்மீனியர்கள் வாழும் மாகாணங்களில் சீர்திருத்தம் செய்வதாக சுல்தானிடம் வாக்கு வாங்கிக்கொண்டது, மேற்பார்வை பெருவல்லரசுகள். அந்தக் காகிதத்தால் ஆர்மீனியனுக்குக் கிடைத்தது என்ன? தன் ஊரில் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தவன் அந்நியனின் ஆளாகச் சந்தேகிக்கப்பட்டான். 1894–96 இல் படுகொலை நடந்தபோது கையெழுத்துப் போட்ட வல்லரசுகளின் கப்பல்கள் கரையேறவில்லை. 1915 இல் அந்தச் சமூகமே அழிக்கப்பட்டது. கொன்றது உதுமானிய அரசுதான், அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் காப்பேன் என்று சொல்லிக் காக்காமல் போவது ஒன்றும் சொல்லாமலிருப்பதைவிட ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எகிப்தின் காப்டிக் கிறித்தவர்களில் பலர் நீண்டகாலம் தங்களைச் 'சிறுபான்மையினர்' என்று அழைப்பதையே மறுத்ததை சபா மஹ்மூத் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மறுப்பில் அறியாமை இல்லை, அனுபவம் இருக்கிறது.

இங்கே வந்ததும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. நான் இதுவரை சொன்னதில் பாதியை இந்திய வெளியுறவு அமைச்சகமும் சொல்லும். 2005 விசா ரத்தை எதிர்த்துத் தூதரக அதிகாரியைக் கூப்பிட்டுக் கண்டனம் தெரிவித்தது பா.ஜ.க. அரசு அல்ல, மன்மோகன் சிங் அரசு. அமெரிக்க ஆணையம் 2020 முதல் ஆண்டுதோறும் இந்தியாவைப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது, வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் கண்டுகொள்ளாமல் விடுகிறது, தில்லி ஆண்டுதோறும் 'ஒருதலைப்பட்சம்' என்று ஓர் அறிக்கை விடுகிறது. ஒரு சடங்குபோல ஆகிவிட்டது. பெய்ஜிங்கும் ரியாத்தும் இதே 'உள்விவகாரம்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கின்றன. என் பெண்டாட்டியை நான் அடிக்கிறேன், நீ யாருய்யா கேட்க என்கிறவனின் சொல் அது. கேட்க வந்த பண்ணையாரின் யோக்கியதையைச் சொல்வதால் அடிக்கிறவனுக்கு வக்காலத்து வாங்கினதாக ஆகக்கூடாது. நம் ஏகாதிபத்திய எதிர்ப்பு எழுத்துகளில் இந்த வழுக்கல் அடிக்கடி நேர்கிறது. அடிபட்ட பெண் பண்ணையார் வாசலில் போய் நின்றாள் என்பதற்காக அவளை ஏசுகிற எழுத்தும் உண்டு. உள்ளூர்ப் போலீஸ் ஸ்டேஷன் கதவு மூடியிருக்கும்போது எரிகிற வீட்டுக்காரன் எந்தக் கதவையும் தட்டுவான். தட்டட்டும். திறந்தவனின் கணக்கை மட்டும் நாம் எழுதி வைப்போம்.

2002 பற்றிய சாட்சியங்களை முதலில் தொகுத்தது வாஷிங்டன் அல்ல. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குடிமக்கள் தீர்ப்பாயம் அந்த ஆண்டே முகாம்களுக்குப் போய் வாக்குமூலம் வாங்கி அறிக்கை வெளியிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் எழுதியது. பெஸ்ட் பேக்கரி வழக்கை 2004 இல் உச்ச நீதிமன்றம் குஜராத்துக்கு வெளியே மாற்றியது. இந்த உழைப்பையெல்லாம் வெளியுறவுத் துறை அடிக்குறிப்பாக எடுத்துக்கொண்டது. நாமோ அந்த அடிக்குறிப்புக்குக் கிடைத்த ஒரு முத்திரையைப் பெரிதாக்கினோம். அந்தத் தீர்ப்பாய அறிக்கையை முழுதாகப் படித்தவர்கள் நம் வட்டத்தில் எத்தனை பேர்?

கடைசியாக நைஜீரியா. 2020 இல் பட்டியலில் போட்டார்கள், 2021 இல் எடுத்தார்கள், 2025 அக்டோபர் 31 அன்று டிரம்ப் மறுபடி அறிவித்தார்: கிறித்தவர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று. கொல்லப்படுவது பொய்யல்ல. பெனுவே, பிளாட்டோ மாநிலங்களில் கிறித்தவ உழவர்களின் ஊர்கள் எரிந்திருக்கின்றன. வடக்கின் பன்னிரண்டு மாநிலங்களில் 1999க்குப் பிறகு வந்த ஷரியா குற்றவியல் சட்டம் இருக்கிறது. தெய்வநிந்தனைக்காக ஒரு நாத்திகர் 2022 இல் 24 ஆண்டு தண்டனை பெற்று, பின்னர் அது குறைக்கப்பட்டு, 2025 ஜனவரியில்தான் வெளியே வந்தார். கூடவே மேய்ச்சல் நிலம் சுருங்கி, மாட்டு வழித்தடங்களில் பயிர் ஏறி, ஃபுலானி மேய்ப்பர்களும் உழவர்களும் நிலத்துக்கும் தண்ணீருக்குமாக வெட்டிக்கொள்கிறார்கள். வடகிழக்கில் போகோ ஹராம் கொன்று குவித்தவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். அறிவிப்பில் இவை எதற்கும் இடமில்லை. மறுநாளே ராணுவத்தைத் தயாராக இருக்கச் சொன்னதாக டிரம்ப் எழுதினார். அதே அக்டோபர் இறுதியில் வெளியான இன்னொரு உத்தரவு, வரும் ஓராண்டில் அமெரிக்கா ஏற்கும் அகதிகளின் உச்சவரம்பு 7,500 என்றது. முன்னுரிமை தென்னாப்பிரிக்க வெள்ளையர்களுக்கு. டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்கா நைஜீரியாவில் தாக்குதல் நடத்தியது. இலக்கு ஐ.எஸ். ஆட்கள் என்றார்கள். நைஜீரிய அரசும் சம்மதித்தே நடந்தது. தாக்கிய இடம் வடமேற்கே சொகோட்டோ மாநிலம், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. பெனுவே உழவர்கள் இருப்பது அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே.